மேமலைத் தோட்டத்தில் பிள்ளைகள் மிதக்கிறார்கள்

வலக்கையால் இதை எழுதுகிறேன். இடக்கை மகளின் முதுகில் இருக்கிறது. அந்தக் கையை எடுத்தால் அவள் என் நெஞ்சிலிருந்து மெல்ல எழும்பி, கொசுவலையின் உச்சிக்குப் போய், அங்கே மூக்கை உரசிக்கொண்டு தூங்குவாள். அவள் தூக்கம் கெடாது, என்னுடையதுதான் கெடும். மேமலைத் தோட்டத்தில் பிள்ளைகள் மிதப்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கீழே இருக்கிற பணியத் தோட்டத்து ஆட்கள்கூட இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வருவதில்லை, வந்தாலும் கடையில் வடை தின்றுவிட்டு மேலே ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் நான் டவுனில் வளர்ந்தவள், கொன்வென்டில் படித்தவள், ஒரே கூரைக்குக் கீழ் வரிசை வீடுகளான இந்த லயத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். எனக்கு இன்னும் பழகவில்லை. பயம் வந்தால் எழுது என்று சிஸ்டர் ஆக்னஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எழுதுகிறேன்.

முதலில் மிதந்தது எங்கள் அறைக்கு அடுத்த சுவர், பக்கத்துக் காம்பரா மருதாயி அக்காவின் மகன். அதற்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் பிள்ளைகள் மிதக்கவில்லை, செத்தார்கள். பேர் வைக்குமுன், தொட்டில் கட்டுமுன், பால் குடிக்கப் பழகுமுன் போனார்கள். பணியத் தோட்டத்தில் அத்தனை இல்லை, டவுனில் அதைவிடக் குறைவு, சிலாபத்தில் என் அக்கா ரீட்டா இருக்கிற கடலோரத்தில் யாரிடமாவது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் ஒரு பிள்ளையைச் சொல்வார்கள். ரோட்டோடு இறங்க இறங்கப் பிள்ளைகளின் எடை கூடிக்கொண்டே போகும், ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும், எங்கள் தோட்டத்தில் ரோடு முடிகிற இடத்தில் எடையும் முடிந்துவிடும். போன பிள்ளையை ஒன்பதாம் நம்பர் மலையின் ஓரத்தில் ஒரு தேயிலைச் செடியின் அடியில் வைப்பார்கள், வைத்த பிறகு அந்தச் செடியில் யாரும் கொழுந்து பறிக்கமாட்டார்கள், செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்துக் கத்தியும் அதில் படாது. வெட்டாமல் விட்ட தேயிலை மரமாகிவிடும். மலை முழுக்கச் செடிகள் இடுப்பளவில் ஒழுங்காக நிற்க, அந்த ஓரம் மட்டும் மரக்கூட்டமாக எழும்பி, வெள்ளைப் பூப் பூத்து, தேனீ இரைந்துகொண்டிருக்கும். மருதாயி அக்காவுக்கு அங்கே இரண்டு மரம் இருந்தது.

மூன்றாவது பிள்ளை மழையில் பிறந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த லொறி மேட்டில் ஏற முடியாமல் பாலத்தடியில் நின்றுவிட்டது. பிள்ளை ஒரு கைக் கொழுந்து அளவுதான் இருந்தது என்று மாமி சொல்வார்கள், என் கணவருடைய அம்மா, சூசையம்மா. அவர்கள்தான் அன்று தொப்புள்கொடி பிடித்தவர்கள். பிள்ளையைப் பார்த்ததும் பெண்கள் பழக்கப்படி உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள், ஆண்களில் யாரோ மண்வெட்டி எடுக்கப் போய்விட்டார்கள், அப்போது பிள்ளை முறத்திலிருந்து எழும்பி, அடுப்புப் புகையோடு புகையாக மேலே போய், கூரைத் தகரத்தில் முதுகை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டது. அழத் திறந்த வாய்கள் அப்படியே அண்ணாந்து நின்றன.

"ஏணி கொண்டாங்க," என்றார்கள் மாமி.

"வேணாம் அத்தே, அங்கயே இருக்கட்டும்," என்றாளாம் மருதாயி அக்கா, படுத்தபடியே. "கீழ இருந்ததுங்க ரெண்டும் என்னா ஆச்சு?"

தோட்டத்தில் எதையும் நிறுக்காமல் நம்பமாட்டார்கள். மறுநாள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், கூடை மாட்டுகிற கொக்கியிலேயே பிள்ளையைத் துணியோடு மாட்டினார்கள். தராசின் முள் கீழே வராமல் மேல்பக்கமாகப் போனது. கூடைக்கும் ஈரத்துக்கும் எடையில் கழித்து எழுதுகிற கணக்குப்பிள்ளை வேலாயுதம் ஐயா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கூடைக்குக் கழிவு, தண்ணிக்குக் கழிவு," என்றாள் மருதாயி அக்கா. "இப்ப புள்ளைக்கும் கழிவு போட்டுட்டீங்களாங்கய்யா?"

"நான் ஒண்ணும் போடலம்மா. முள்ளப் பாரு நீயே."

அந்த மாரியிலேயே இன்னும் நாலைந்து பிறந்தன, எல்லாம் மிதந்தன. லயம் அதற்கேற்ப மாறிக்கொண்டது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தின் கூரைக்கு உள்பக்கமாகச் சாக்குத் தைத்தார்கள், தலை இடிக்காமலிருக்க. அரைஞாண் கயிற்றை நீளமாக முறுக்கித் தூணில் கட்டினார்கள். ஆயா கயிற்றைச் சுண்டினால் பிள்ளை பட்டம் மாதிரி இறங்கி வந்து பால் குடித்துவிட்டுப் போகும். பருந்துக்குப் பயந்து கொல்லையில் யாரும் பிள்ளையைக் காயப்போடவில்லை. பெரியவர்கள் காம்பராவுக்குள் நுழையும்போது முதலில் மேலே பார்த்து, பிறகுதான் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆனால் ஒரு தப்பும் செய்தார்கள். எங்கள் ஆட்களுக்கு எடை குறைந்தால் ஒரே வழிதான் தெரியும்: கொழுந்துக்குத் தண்ணி தெளிப்பது, கூடையின் அடியில் கல் வைப்பது. கணக்குப்பிள்ளைக்கும் தெரிந்து பெண்களுக்கும் தெரிந்து, இரண்டு பக்கமும் காணாத மாதிரி இருந்துகொள்கிற பழைய வித்தை. அதையே பிள்ளைக்கும் செய்தார்கள். ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல்லைக் குட்டிப் பையில் போட்டு மருதாயி அக்காவின் மகனுடைய இடுப்பில் கட்டினார்கள். பிள்ளை கீழே இருந்தது, தராசு முள்ளும் சரியான பக்கம் வந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் பிள்ளையின் உள்ளங்கால் நீலம், உதடு நீலம், பாலை வாயில் வைத்தால் சப்பத் தெரியவில்லை. கல்லுக்கு எடை இருந்தது, சூடு இல்லை.

கல்லை அவிழ்த்துவிட்டு, பிள்ளையை மருத்துவச்சியான மிட்வைப் மிஸ்ஸிடம் கொண்டு ஓடச் சொல்லிக் கவ்வாத்துக்காரன் முத்துராக்கிடம் கொடுத்தார்கள். முத்துராக்கு கதவு நிலையில் குனிந்து, பிறகு பக்கவாட்டில் திரும்பித்தான் வீட்டுக்குள் வரமுடியும், நெஞ்சு முழுக்க மயிர், சிறுசுகள் கரடி மாமா என்று கூப்பிடும்; அவன் அதுவரை பிள்ளை தூக்கியதில்லை. மழை பெய்தது, கையெல்லாம் ஈரம், எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு ஓடினான். மிஸ் சட்டையைத் திறந்து பார்த்தபோது பிள்ளை சிவந்துபோய், அவன் மயிரை ஒரு பிடி பிடித்துக்கொண்டு தூங்கியது. மிதக்கவும் இல்லை.

"சரி, குடுங்க," என்றார் மிஸ்.

"எடுத்தா மேல போயிருது மிஸ்ஸு. வர்ற வழியில நாலு வாட்டி பாத்துட்டேன்."

"அப்ப வச்சிக்கங்க."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"புள்ள எழுந்து நடக்கிற வரைக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாராம்.

அப்படித்தான் எங்கள் தோட்டத்தில் நெஞ்சுமுறை வந்தது. தாய் தூங்கினால் தகப்பன், தகப்பன் வேலைக்குப் போனால் சித்தப்பன், அவனும் போனால் பக்கத்துக் காம்பரா. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் யார் யாருக்கு எந்த மலை என்று பேர் வாசிக்கும்போது கடைசியில் யார் யாருக்கு எந்தப் பிள்ளை என்றும் வாசித்தார்கள். சண்டைக்காரர்கள் ஒருவர் பிள்ளையை ஒருவர் சுமந்தார்கள். சாராயம் குடித்தவனுக்கு முறை இல்லை என்றதும் பல பேர் சாயங்காலத்தில் பாலில்லாத சாயத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டார்கள். வேலாயுதம் ஐயா ஒபிஸில் கணக்கு எழுதும்போது கோட்டுக்குள்ளிருந்து ஒரு பிஞ்சுக் கை வந்து பேனாவைப் பிடிக்கும். மருதாயி அக்காவின் மகன் ஒருநாள் அவர் மேலேயே ஒன்றுக்குப் போனான்.

"கழிவு, ஐயா," என்றாள் அவள். "தண்ணிக் கழிவு."

ஏன் இந்த எடை என்று மிட்வைப் மிஸ் லயத்துப் பெண்களை உட்காரவைத்துக் கேட்டார்.

"மாசமா இருக்கப்ப என்னா சாப்பிட்டீங்க?"

"எல்லாரும் சாப்பிட்டதுக்கு அப்புறம் மிஸ்."

"எப்பன்னு கேக்கல. என்னான்னு கேட்டேன்."

"அதுக்கு அப்புறம் சட்டிதானே மிஸ் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள், மிஸ்ஸைத் தவிர. கிளினிக்கில் கொடுக்கிற சத்துமாவை யார் தின்றது என்று கேட்டபோது வாசலில் நின்ற ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வானம் பார்த்தார்கள். பிரசவ நோவு வருகிற அன்றும் முதுகில் கூடையோடு மேட்டில் ஏறுவது, அடுப்புப் புகை, ரொட்டியும் சாயத்தண்ணியும், மழை வந்தால் ஏறாத லொறி, இவை யாருக்கும் தெரியாதவை இல்லை. தெரிந்த விஷயம் தலைக்கு மேலே மிதந்தபோதுதான் அண்ணாந்து பார்த்தார்கள். அன்றிலிருந்து மாசமானவள் முதலில் சாப்பிடுவது என்று முடிவாயிற்று. ஆண்கள் முதலில் அதை எப்படிச் செய்வதென்று தெரியாமல் தட்டோடு வாசலில் நின்றார்கள். கொஞ்ச நாளில் பழகி, "அவ தின்னுட்டாளா, நான் வரலாமா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டார்கள்.

என் வயிற்றுக்கு அது பிந்திவிட்டது. நான் மாசமாகி வந்த புதிதில் மாமி என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சமா தின்னு ஜெசிந்தா, புள்ள சின்னதா இருந்தாத்தான் நோகாம நழுவி வரும்," என்றார்கள், அன்பாகத்தான் சொன்னார்கள், அவர்கள் காலத்தில் அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கொன்வென்டில் எங்களுக்கு வீணை சொல்லிக்கொடுத்தார்கள், பூவேலை சொல்லிக்கொடுத்தார்கள், நற்கருணைக்கு முன் நாவில் ஒன்றும் படக்கூடாதென்று சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளை எப்படி எடை போடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. என் மகள் நழுவித்தான் வந்தாள். நழுவி வந்து, மாமியின் கையிலிருந்தும் நழுவி, மேலே போனாள்.

அதே மாதம் சிலாபத்தில் ரீட்டா அக்காவுக்கும் பெண் பிறந்தது. நாங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே பாயில் படுத்தவர்கள், அம்மாவின் ஒரே முகத்தைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள். போனில் பேசினாள்.

"இங்க பலாப்பழம்டி. தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு. உன்னுது?"

"கொசுவலையில இருக்கு."

"தொட்டில்லயா?"

"இல்லக்கா, வலையில. மேல."

"கயித்துல கட்டி வச்சிருக்கியா?" என்றாள் அக்கா. "நல்லாக் கட்டுடி. கருவாடு அனுப்புறேன், நீ முதல்ல தின்னு." அவளுக்கு நோவு வந்தபோது உலை கொதிக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரி வந்துவிட்டதாம். எங்களுக்கு உலை வைத்து, வடித்து, சோறு ஆறிப் பழையதாகிற தூரம்.

எங்கள் கொன்வென்ட் கோயிலில் விண்ணேற்பு மாதாவின் பெரிய படம் இருந்தது. நீலச் சேலை, காலடியில் மேகம், கீழே அண்ணாந்து நிற்கிற ஆட்கள். மேலே போவதுதான் பெரிய பாக்கியம் என்று சிஸ்டர் சொல்வார்கள். நான் எப்போதும் கீழே நிற்கிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது ஜெபமாலை பிடித்து ஒவ்வொரு மணிக்கும் தலைகீழாகத்தான் கேட்கிறேன்: ஆண்டவரே, இவளை இறக்கும்.

ஒருநாள் போயே போய்விட்டாள். காலையில் குளிப்பாட்டி, கயிறு நனைந்ததென்று அவிழ்த்துக் காயவைத்து, அவளை நெஞ்சில் அணைத்துக்கொண்டு அடுப்போரம் சாய்ந்தேன். பல நாள் தூங்காத உடம்பு, கை தளர்ந்துவிட்டது. கண் திறந்தபோது அவள் கதவு நிலையில் தலையை மெல்ல இடித்துக்கொண்டு, யோசிப்பவள்போல் கொஞ்சம் நின்று, குனிந்து வெளியே போய்க்கொண்டிருந்தாள். வெறுங்காலோடு ஓடினேன், வடிகால் கானில் விழுந்து எழும்பி ஓடினேன், அவளுக்குக் கீழே ஓடினேன். அவள் அழவில்லை. வெயில் கண்ணில் பட்டதற்குத் தும்மினாள், அவ்வளவுதான்.

மலையில் நின்ற பெண்கள் என் ஓட்டத்தைப் பார்த்து, பிறகு மேலே பார்த்து, கூடைகளைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து நாலு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு என்னோடு ஓடி வந்தார்கள்.

"மேல போற புள்ளைக்குக் கீழ எதுக்கு சாக்கு?" என்று வேலாயுதம் ஐயா மேட்டிலிருந்து கேட்டார்.

"எப்பவாவது விழத்தானேங்கய்யா வேணும்," என்று சொன்னபடி அவரைத் தாண்டி ஓடினார்கள். அவரும் ஓடி வந்தார்.

அன்று காலையில்தான் தோட்டத்தை நடத்துகிற துரை ஒன்பதாம் நம்பர் மலையோரத்து மரங்களை வெட்டச் சொல்லியிருந்தார். பூச்சி அங்கிருந்துதான் பரவுகிறதாம். கத்தியோடு முத்துராக்கை அனுப்பியிருந்தார்கள், அவன் போய்ப் பார்த்தால் மருதாயி அக்கா தன் இரண்டு மரத்துக்கும் நடுவில் நின்றாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"நான் சொல்றது இல்லக்கா, துரை சொல்றது."

"துரைய வரச் சொல்லு. என் மூத்ததையும் நடுவுலானையும் அவருக்குக் காட்டுறேன்."

"நான் வெட்டலன்னா வேற ஆள அனுப்புவாங்க."

"அனுப்பட்டும். அவன் நெஞ்சுல என் சின்னவன் தூங்கல. உன் நெஞ்சுலதான் தூங்குனான்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அந்த மலையில் இடுப்புக்கு மேலே வளர்ந்தது அந்த மரங்கள் மட்டும்தான்; அவற்றுக்கு அப்புறம் பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்குக்கு அப்புறம் வானம், வானத்துக்கு அப்புறம் எனக்கு யாரையும் தெரியாது. என் மகள் அந்தப் பக்கம்தான் போனாள். பிறகு, எல்லாவற்றிலும் உயரமான மரத்தின் உச்சிக்கொப்பில், வெள்ளைப் பூக்களுக்கு நடுவில், கால் சிக்கி நின்றாள். மரம் அவள் பக்கம் சாய்ந்து கொடுத்தது என்று பெண்கள் சொல்கிறார்கள், காற்று என்று கணக்குப்பிள்ளை சொல்கிறார். மருதாயி அக்கா அடிமரத்தைத் தடவிக்கொடுத்தாள். அது அவளுடைய மூத்ததின் மரம்.

முத்துராக்கு கத்தியை எறிந்துவிட்டு ஏறினான். எங்கே எறிந்தானோ, அந்தக் கத்தி இன்றுவரை கிடைக்கவில்லை. அத்தனை பாரத்தை அந்த மரம் எப்படித் தாங்கியதென்றும் தெரியவில்லை. பூவோடு சேர்த்து அவளைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டு, கீழே பார்த்தவன், தனக்கு உயரம் என்றால் பயம் என்று அப்போதுதான் சொன்னான்.

"மெதுவா வா கரடி," என்றாள் மருதாயி அக்கா. "கால மாத்தி வை. என் புள்ள ஒன்ன விடமாட்டான்."

மோட்டார் சைக்கிளில் வந்த துரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மகளை வாங்கி நெஞ்சில் போட்டு, அவள் மூக்கிலிருந்த பூந்தூளைத் துடைத்து, பிறகு உட்கார்ந்து அழுதேன். துரை தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "மரம் இருக்கட்டும்," என்றார். "பூச்சிக்கு வேற மருந்து அடிக்கலாம்." அதற்கு மேல் தமிழ் அவருக்கு அன்று வரவில்லை.

இப்போது மாமி என்னை முதலில் உட்காரவைத்துத்தான் மற்றவர்களுக்கு அடுப்புப் பக்கம் வழி விடுகிறார்கள். அக்காவின் கருவாடு, கீரை, முட்டை, சத்துமா. என் கணவர் அந்தோனி வாசலில் நின்று பாத்திரத்தை எட்டிப் பார்ப்பார்.

"எனக்கு ஏதாவது மிஞ்சுமாம்மா?"

"சட்டி இருக்குடா," என்பார்கள் மாமி.

மிதந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கினார்கள். இறங்குவதென்றால் விழுவதுதான்: ஒருநாள் நெஞ்சிலிருந்து கை எடுத்ததும் மேலே போகாமல் தொப்பென்று மடியில் விழுவார்கள், வீரிட்டு அழுவார்கள், அந்த அழுகைக்கு லயமே சிரிக்கும். காம்பராச் சுவர்கள் மெல்லியவை, ஒரு பிள்ளை விழுந்தால் வரிசையின் கடைசியிலிருக்கிற தொங்கல் வீட்டுக்கும் கேட்கும். விழுந்த அன்றே விழுந்த விருந்து. ஆளுக்கொரு சுண்டு அளந்து அரிசி கொண்டு வருவார்கள், முத்துராக்கு தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சி எடுத்து வருவான், பேரும் அன்றுதான் வைப்பார்கள். மருதாயி அக்காவின் மகன் விழுந்தபோது அவள் ஒன்பதாம் நம்பர் மலைக்கே கொண்டுபோய் மரங்களுக்குக் காட்டிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு பிறந்தவை, முதலில் சாப்பிட்ட தாய்களின் பிள்ளைகள், பிறந்த நாளிலேயே தரையில் கிடக்கின்றன. லயத்தில் இன்னும் மிதப்பது என் மகள் ஒருத்திதான். பேர் இல்லை. எல்லோரும் மேலவ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"அவசரப்படாத கொன்வென்ட்காரி," என்று இன்று சாயங்காலம்கூட மருதாயி அக்கா சொன்னாள். "மாதா கோயில் புள்ள. மணி அடிச்சுத்தான் எறங்கும்."

நான் சிரித்தேன். எல்லாப் பிள்ளையும் இறங்கியபின் இறங்காத ஒன்று என்றால் என்ன அர்த்தம் என்று விளக்கைச் சிறிதாக்கி யோசித்துக்கொண்டே இத்தனையும் எழுதிவிட்டேன்.

கொசு ஒன்று என் கணுக்காலில் உட்கார்ந்திருக்கிறது. இடக்கையால்தான் அடிக்க முடியும், வலக்கையில் பேனா.

அடித்துவிட்டேன்.

அடித்தபிறகுதான் இடக்கை எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. மேலே பார்த்தேன். வலை காலியாக இருக்கிறது. கீழே பார்த்தேன். அவள் என் நெஞ்சில் கிடக்கிறாள், வாய் ஓரம் பால், ஒரு கை தொங்குகிறது. நெஞ்சு கொஞ்சம் வலிக்கிறது. இத்தனை நேரம் அந்த வலியைப் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது அவளுடைய எடை.

நம்பாமல், எங்கள் ஆட்களைப்போலவே நம்பாமல், அவளை இரண்டு கையிலும் ஏந்தித் தலையணைக்கு ஒரு சாண் மேலே பிடித்து, மாதாவே என்று விட்டேன்.

தொப்.

அவள் போட்ட சத்தத்தில் எழுதின தாள்கூட நடுங்கியது. மாமி இருட்டிலேயே எழும்பி உட்கார்ந்து சிலுவை போட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மருதாயி அக்காவின் குரல் வந்தது.

"விழுந்துட்டாளா?"

"விழுந்துட்டாக்கா."

"எடி, விழுந்துட்டாளாம்டி," என்று அவள் அடுத்த சுவருக்குச் சொல்ல, அது அதற்கடுத்த சுவருக்குப் போகிறது. காம்பரா காம்பராவாக விளக்கு எரிந்துகொண்டே தொங்கல் வீட்டுக்குப் போகிறது. யாரோ சுண்டு தேடுகிறார்கள், யாரோ அரிசிப் பானையைத் திறக்கிறார்கள், முத்துராக்கு தப்புக்கு நெருப்பு மூட்ட ஓலை கேட்கிறான், அந்தோனி வேட்டியைத் தேடாமல் வாசலுக்கு ஓடிவிட்டுத் திரும்பி வருகிறார். பேர் என்ன, பேர் என்ன என்று சுவருக்குச் சுவர் கேட்கிறார்கள்.

அவள் அழுதுகொண்டே இருக்கிறாள், பாயில் அவளைச் சுற்றிச் சின்னதாக ஒரு பள்ளம். எழுதுவதை நிறுத்துகிறேன், இரண்டு கையும் வேண்டும். பிறந்ததிலிருந்து இவளைக் கீழே இழுத்துத்தான் பிடித்திருக்கிறேன். இப்போதுதான் முதல் தடவையாகத் தூக்கப்போகிறேன்.